டவுன்ஷிப் ஏன் சதுரமாக இருக்கிறது?

கேள்வி (கீழக்கரை):
அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் என் காக்கா (அண்ணன்) அனுப்பிய வரைபடத்தில் அவருடைய டவுன்ஷிப் (அங்குள்ள ஊர்ப் பிரிவு) கட்டம் போட்டதுபோல் சதுரமாக இருக்கிறது. கண்மாய்க்கரையும் பனைவரிசையும் எல்லையாக வளைந்து செல்லும் நம் ஊர்களைப் போல் அது ஏன் இல்லை?

பதில் (மண்டபம்):
1785ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி, விற்பனைக்கு முன்பே நிலத்தை அளந்து, பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாக்கினார்கள். 16ஆம் பகுதி பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது. பூர்வகுடிகளின் எல்லைகளை அந்தக் கட்டங்கள் பொருட்படுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதில் (தொண்டி):
அது நில அளவை டவுன்ஷிப். உள்ளாட்சி டவுன்ஷிப் வேறு. மிச்சிகனில் இரண்டும் பெரும்பாலும் ஒரே எல்லையில் அமைவதால்தான் குழப்பம். நம் ஊராட்சி அளவுதான் என்று எண்ணிவிட வேண்டாம்: அங்குள்ள கிளின்டன் டவுன்ஷிப்பில் 2020 கணக்கெடுப்பின்படி 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. காக்காவின் வீட்டுப் பத்திரத்தில் ‘பகுதி 22’ என்று இருப்பதன் பொருள் இப்போதுதான் விளங்கியது.