செதில்பூச்சிக் குஞ்சை வைத்துக் குடும்பம் சொல்ல முடியுமா?

வணக்கம். குரோம்பேட்டையில் எங்கள் மொட்டைமாடிச் செம்பருத்தித் தண்டில் பழுப்புப் பொட்டு மாதிரி ஒட்டியிருந்த செதில்பூச்சி (செடிச் சாற்றை உறிஞ்சும் பூச்சி) ஒன்றை நகத்தால் நெம்பினேன், அடியில் ரவை கொட்டியது போல முட்டைகள், அதற்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்த வெளிர்மஞ்சள் குஞ்சுகள். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

முட்டையிலிருந்து வந்த முதல் பருவத்தில் எல்லாக் குடும்பத்துக் குஞ்சுகளும் ஒரே அச்சு: ஆறு கால், இரண்டு உணர்கொம்பு, ஒரு ஜோடி கண். கவசச் செதில்பூச்சிக் குடும்பம் என்றால் முதல் தோலுரிப்போடு காலை இழந்துவிடும், மென்செதில்பூச்சிக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் கால் நிற்கும். அதுவரை காத்திருக்கலாம்தான், ஆனால் அம்மா வேப்பெண்ணெய்க் கரைசலோடு தயாராக நிற்கிறார்.

குஞ்சை மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் பின்நுனியில் ஒரு பிளவும், அதன் உச்சியில் இரண்டு முக்கோணத் தகடுகளும் தெரிகிற மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் மென்செதில், காக்சிடே குடும்பம், சரியா? கவசச் செதிலாக இருந்தால் உடலின் கடைசிக் கண்டங்கள் ஒன்றாக ஒட்டி, விளிம்பில் சின்னச் சின்ன மடல்கள் இருக்க வேண்டுமே, அதைக் காணோம். உள்ளே இருக்கும் கொழுப்புதான் எல்லாவற்றையும் கலங்கலாக மறைக்கிறது. அதை நீக்க 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டுச் சூடாக்கினேன், மூன்று குஞ்சுகள் கிழிந்து நாசம்.

இவ்வளவு சின்னதைச் சூடே காட்டாமல் இரவு முழுக்க ஊறவைத்தால் போதுமா? அப்புறம், சாயம் ஏற்ற ஆசிட் ஃபுக்சின் சென்னையில் சில்லறையாக எங்கே கிடைக்கும்? என்னிடம் இருப்பது 400 மடங்கு காட்டும் பழைய மைக்ரோஸ்கோப். படங்கள் கமெண்டில்.