வெளிநாட்டுல இருந்துக்கிட்டே எக்ஸாம் எழுதி அமெரிக்க டிகிரி வாங்க முடியுமா?

கேள்வி:
வேலைக்குப் போயிட்டு இருக்கேன், அமெரிக்கா போய் படிக்க வசதியில்ல. கிளெப்னு ஒரு எக்ஸாம் எழுதினா காலேஜ் கிரெடிட் (டிகிரிக்குக் கணக்குல சேர்ற பாடப் புள்ளி) கிடைக்கும்ங்கறாங்க, அதை வச்சே டிகிரி முடிச்சிடலாமா, இல்ல டுபாக்கூரா?

பதில்:
டுபாக்கூர் இல்லைங்க. நடத்துறது காலேஜ் போர்டு, அமெரிக்க காலேஜ்ல சேர எஸ்ஏடினு ஒரு எக்ஸாம் நடத்துறாங்களே அவங்கதான். மார்க் 20ல இருந்து 80 வரை, பொதுவா 50 எடுத்தா கிரெடிட். ஆனா எல்லா காலேஜும் ஏத்துக்காது. நியூஜெர்சில தாமஸ் எடிசன், கனெக்டிகட்ல சார்ட்டர் ஓக், நியூயார்க்ல எக்செல்சியர், இந்த மூணும் 1970கள்ல ஆரம்பிச்சதே வேலை பாக்குறவங்களுக்காகத்தான், வெளில வாங்கின கிரெடிட்டை தாராளமா எடுத்துப்பாங்க.

பதில்:
சரிதான், ஆனா முக்கியமானதை விட்டுட்டீங்களே. பேச்சிலர் டிகிரிக்கு 120 கிரெடிட், அதுல ஒரு பங்கு அப்பர் லெவல்ல, அதாவது கடைசி ரெண்டு வருஷப் பாடத்துல வேணும், கிளெப் பெரும்பாலும் லோயர் லெவல், அதாவது முதல் ரெண்டு வருஷப் பாடம்தான். நான் அது தெரியாம ஆர்வக்கோளாறுல வரிசையா எழுதித் தள்ளினேன், கடைசில சைக்காலஜியும் சோசியாலஜியும் எங்கயும் பொருந்தாம ஃப்ரீ எலக்டிவ்ல (எந்தப் பாடமும் வைக்கலாம்ங்கிற மீதி இடத்துல) போய் உக்காந்துச்சு. டிகிரி பிளானை, அதாவது எந்தெந்தப் பாடம் வேணும்ங்கிற காலேஜ் பட்டியலை பிரிண்ட் எடுத்து பக்கத்துல வச்சுக்கிட்டு அப்புறம் புக் பண்ணுங்க. ஃபெயிலானா அதே பேப்பரை திரும்ப எழுத 3 மாசம் ஆகும்.

கேட்டவர்:
அப்ப நான் பாதில விட்ட ரெண்டு வருஷ காலேஜ் படிப்பு?

பதில்:
அதைத் தூக்கிப் போட்றாதீங்க. மார்க் ஷீட்டை இவாலுவேஷன் ஏஜென்சிக்கு (வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கக் கணக்குக்கு மதிப்பிடுறவங்க) அனுப்பணும், எந்த ஏஜென்சினு காலேஜ்கிட்டயே மெயில்ல கேட்டுக்கோங்க. கேப்ஸ்டோன் (டிகிரி முடிவுல எடுக்கிற கோர்ஸ்) மாதிரி ஓரிரு கோர்ஸ் அவங்ககிட்டயே எடுக்க வேண்டியிருக்கும், அது ஆன்லைன்தான்.