செவிலியரையும் பொதுமக்களையும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா? வயதுப் பாகுபாட்டு ஆய்வில் ஒரு சிக்கல்

கேள்வி: முதுநிலைச் செவிலியர் கல்வி மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதியோர்மீது காட்டப்படும் வயதுப் பாகுபாட்டை மருத்துவப் பணியாளர்களிடமும் பொதுமக்களிடமும் அளந்து ஒப்பிடுவதே என் பட்ட ஆய்வு. 1990-இல் வெளிவந்த ஃபிரபோனி அளவுகோலின் 29 கூற்றுகளையும் தமிழாக்கி, முன்னோட்டமாக இரு தரப்பிலும் சிலரிடம் கொடுத்துப் பார்த்தேன். பொதுமக்களைக் காட்டிலும் பணியாளர்களிடம் பாகுபாடு குறைவு என்றே மதிப்பெண்கள் காட்டின.

எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. எண்பதை நெருங்கும் ஒருவர் தம் மூச்சுத்திணறல் எப்போது தொடங்கியது என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அருகில் நிற்கும் மகனைப் பார்த்து, “ராத்திரி தூங்கினாரா?” என்று கேட்பதை எங்கள் வார்டில் அன்றாடம் காண்கிறேன். நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். முன்னோட்டத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற செவிலியர்தான் நோயாளிகளை “தாத்தாக்குட்டி, வாயைத் திற பார்க்கலாம்” என்று கொஞ்சுபவரும்கூட. பிழை அளவுகோலிலா, என் மொழிபெயர்ப்பிலா, அல்லது இவ்விரு தரப்பையும் ஒப்பிட நினைத்ததிலேயேவா?

மறுமொழி 1: அளவீட்டியல் கற்பிப்பவர்

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முதலில் அளவுகோலைப் பார்ப்போம். ஃபிரபோனியும் உடன் ஆய்வாளர்களும், வெறுப்பின் படிநிலைகள் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் வகுத்தவற்றுள் முதல் மூன்றை, அதாவது இழித்துப் பேசுதல், விலகிப் போதல், பாகுபடுத்துதல் ஆகியவற்றை, அடிப்படையாகக் கொண்டு கூற்றுகளை அமைத்தனர். அந்த வலை வெறுப்பைப் பிடிக்கப் பின்னப்பட்டது. தாங்கள் கூறும் கொஞ்சல் வெறுப்பே அன்று. முதியவரை அன்புக்குரியவராகவும் அதே வேளையில் திறனற்றவராகவும் பார்க்கும் பரிவு அது. ஆகவே அது வலையின் கண்கள் வழியே நழுவிப் போகிறது. 2017-இல் வெளியான இருமுக வயதுப் பாகுபாட்டு அளவுகோல் இந்தக் குறையை நிரப்புவதற்காகவே உருவானது. அதன் 13 கூற்றுகளில் 9 இத்தகைய பரிவுப் பாகுபாட்டைப் பற்றியவை, 4 மட்டுமே பகைமையைப் பற்றியவை.

இன்னொரு சிக்கல், ஒரே கூற்று இரு தரப்புக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பது. முதியவர்களுடன் அதிக நேரம் செலவிட விருப்பமில்லை என்ற கருத்துடைய கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுமக்களில் ஒருவருக்கு அது விலகலைப் பற்றிய கேள்வி. பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வந்த செவிலியருக்கோ அது தொழிலைப் பற்றிய கேள்வி. “விருப்பமில்லை” என்று குறிப்பது தம் வேலையையே மறுப்பது போலாகிவிடும் என்பதால் எவரும் அதைக் குறிக்கத் தயங்குவார்கள். எனவே சராசரிகளை ஒப்பிடுவதற்கு முன், காரணி அமைப்பும் (கூற்றுகள் எப்படிக் குழுக்களாகச் சேர்கின்றன என்பது), காரணிச் சுமைகளும் (ஒவ்வொரு கூற்றும் தன் குழுவோடு எவ்வளவு இறுகப் பிணைந்துள்ளது என்பது), கூற்றுகளின் தொடக்க மட்டங்களும் (மனப்பாங்கு ஒரே அளவில் இருக்கும்போது ஒரு கூற்றுக்குக் கிடைக்கும் மதிப்பெண்) இரு குழுவிலும் மாறாமல் இருக்கின்றனவா என்று படிப்படியாகச் சோதிக்க வேண்டும். கடைசிப் படியில் தேறாத கருவியைக் கொண்டு “இவர்களுக்குக் குறைவு, அவர்களுக்கு அதிகம்” என்று எழுத இயலாது. குரோன்பாக் ஆல்ஃபா உயர்வாக வந்துவிட்டது என்று மனநிறைவு அடைந்துவிடாதீர்கள். கூற்றுகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அது சொல்கிறது, எதை அளக்கின்றன என்பதை அன்று.

இத்துறையில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை, சோதித்துத் தேறியவற்றுக்குத்தான் பஞ்சம். 2019-இல் வந்த ஒரு முறைசார் மீளாய்வு, வெளிப்படையான வயதுப் பாகுபாட்டு அளவுகோல்கள் 11-ஐ ஆராய்ந்து, குறைந்தபட்ச அளவீட்டுத் தகுதிகளை நிறைவு செய்தது ஒன்றே ஒன்று என்று முடிவு கூறியது. முதுமை குறித்த எதிர்பார்ப்புகளை அளப்பது அது, ஃபிரபோனி அன்று.

மறுமொழி 2: முதியோர் மருத்துவர்

தங்கள் ஐயம் நியாயமானது. முதுமை பற்றிய அறிவைச் சோதிக்க எங்கள் துறையில் பலரும் கையாளும் பால்மோர் வினாடி வினாவிலும் (1977, 25 சரி-தவறு கூற்றுகள்) ஏறத்தாழ இதே தொல்லை உண்டு. பெரும்பாலான முதியவர்கள் நினைவு குழம்பியவர்கள் என்ற கூற்று தவறு என்று மருத்துவம் படித்தவருக்குத் தெரியும். அதனால் அவர் மதிப்பெண் உயரும். ஆனால் அது அறிவுக்கான மதிப்பெண். வினாடி வினாவில் சரியாகக் குறித்தவரே மறுநாள் காலை, பசியும் உறக்கமும் குன்றி எதிலும் நாட்டமில்லை என்று சொல்லும் 82 வயதுப் பெண்மணியிடம், “வயசானா அப்படித்தான் இருக்கும்” என்று கூறி, மனச்சோர்வைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பிவிடுவார்.

அதனால் மனப்பாங்கைக் கேட்பதோடு நிற்காமல் முடிவுகளையும் கேளுங்கள் என்பது என் பரிந்துரை. ஒரே நோயாளிக் குறிப்பை இரண்டு வடிவங்களில் எழுதுங்கள். ஒன்றில் வயது 45, மற்றொன்றில் 80. அறிகுறிகள், உடன் இருக்கும் நோய்கள், சிறுநீரகச் செயல்பாடு, தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறன், நோயாளி வெளியிட்ட விருப்பம் ஆகிய அனைத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வடிவம் மட்டுமே, அதுவும் குலுக்கல் முறையில், கிடைக்க வேண்டும். இரண்டையும் ஒருவரே பார்த்தால் ஆய்வின் நோக்கம் அம்பலமாகிவிடும். “அடுத்து என்ன செய்வீர்கள்? முதல் கேள்வியை யாரிடம் கேட்பீர்கள்?” என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வயதைக் கணக்கில் எடுப்பதெல்லாம் பாகுபாடு ஆகாது. 80 வயதில் மருந்தின் அளவைக் குறைப்பது பல நேரங்களில் சரியான மருத்துவமே. வயது உண்மையாகவே முடிவை மாற்ற வேண்டிய சூழல்களைக் குறிப்பில் வைத்தால், நல்ல மருத்துவரையும் பாகுபாடு காட்டுபவராகப் பதிவு செய்துவிடுவீர்கள். வலி நிவாரணம், மனச்சோர்வை விசாரித்தல், இயன்முறை மருத்துவத்துக்கு அனுப்புதல், நோயறிவிப்பை நோயாளியிடமே சொல்லுதல் போன்றவற்றில் வயதைக் காட்டித் தப்பிக்க இடமில்லை. அங்கே அளந்து பாருங்கள். அதோடு, மருத்துவமனையில் இருப்பவர்கள் நாள்தோறும் பார்ப்பது நோயுற்ற முதியவர்களை மட்டுமே. நலமாக நடமாடும் பெரும்பான்மையினர் எங்கள் கண்ணில் படுவதில்லை என்பதால், எங்கள் மனத்தில் முதுமையின் உருவமே படுக்கையில் கிடக்கும் உருவமாகிவிடுகிறது. பணியிடத்துக்கு வெளியே முதியவர்களுடன் பழகுவது எவ்வளவு என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3: மொழிபெயர்ப்பாளர்

புள்ளியியலில் எனக்குத் தேர்ச்சியில்லை. தமிழாக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். “முதியவர்” என்று போட்டீர்களா, “வயதானவர்” என்றா, “பெரியவர்” என்றா? பெரியவர் என்ற சொல்லிலேயே மரியாதை ஏறி உட்கார்ந்திருக்கிறது. “பெரியவர்கள் கஞ்சத்தனம் உடையவர்கள்” என்பதற்கு “ஆம்” என்று குறிக்க எந்தத் தமிழருக்கும் கை கூசும். “கிழவர்கள்” என்று எழுதினால் கேள்வியே வசையாகிவிடும். கஞ்சத்தனம் என்பதையும் கவனியுங்கள்: அதே நடத்தையைச் சிக்கனம் என்றால் பாராட்டு. மூலத்தில் உள்ளது குற்றம்சாட்டும் சொல். அதை மென்மையாக்கிவிட்டால் உங்கள் ஆய்வில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி எதிர்மறைக் கூற்றுகள். “முதியவர்களுக்குப் புதியவர்களின் நட்பு தேவையில்லை” என்ற கூற்றின் கீழே “உடன்படவில்லை” என்ற கட்டம் இருந்தால், வாசிப்பவர் இரண்டு இல்லைகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பேச்சுத் தமிழில் “தேவையில்லையா?” என்பதற்கு “ஆமாம்” என்றால் தேவையில்லை என்றே பொருள், “இல்லை” என்றால் அதைத் தேவை என்று கொள்வோரும் உண்டு, தேவையில்லை என்று கொள்வோரும் உண்டு. நான்கைந்து பேரை அருகில் உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் உரக்கப் படித்து, அவர்கள் புரிந்துகொண்டதைத் தம் சொற்களிலேயே சொல்லச் செய்யுங்கள். மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்ப்பதால் மட்டும் இந்தக் குழப்பம் வெளிப்படாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. “பெரியவர்கள்” என்றுதான் போட்டிருந்தேன், படித்ததும் வெட்கமாகிவிட்டது. ஃபிரபோனியோடு இருமுக அளவுகோலையும் சேர்த்து, மருத்துவர் ஐயா கூறிய நோயாளிக் குறிப்புகளையும் வைக்க எண்ணுகிறேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இயன்முறை மருத்துவத்துக்கு அனுப்புவீர்களா என்று பொதுமக்களிடம் கேட்க முடியாது. அவர்களுக்கு வேறு கேள்வி வைத்தால் ஒப்பீடு என்னாவது? முதுமையையும் இளமையையும் நல்ல, கெட்ட சொற்களோடு எவ்வளவு விரைவாக இணைக்கிறோம் என்று அளக்கும் மறைமுகத் தொடர்புச் சோதனை இரு தரப்புக்கும் பொதுவாகப் பயன்படுமா?

மறுமொழி 1: அளவீட்டியல் கற்பிப்பவர்

மறைமுகச் சோதனை பொதுவானதுதான். ஆனால் அதில் முதியவர்களே இளமைக்குச் சாதகமாக விடையளிப்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. தனிமனிதர் ஒருவரின் மதிப்பெண் ஒரு முறைக்கும் மறு முறைக்கும் நிலையாக நிற்பதுமில்லை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தூணாக வேண்டாம்.

ஒப்பீட்டுக்கு வேறு வழி இருக்கிறது. பொதுமக்களுக்கு, குறிப்பில் உள்ள அதே நோயாளியை உறவினராகக் காட்டி, “மருத்துவரிடம் அழைத்துச் செல்வீர்களா, அவரிடமே கேட்டு முடிவெடுப்பீர்களா?” என்று கேளுங்கள். செவிலியரின் விடையையும் பொதுமக்களின் விடையையும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். 45 வயது வடிவத்துக்கும் 80 வயது வடிவத்துக்கும் இடையே ஒவ்வொரு குழுவுக்குள்ளும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, அந்த இடைவெளிகளை ஒப்பிடுங்கள். கேள்விகளின் கடுமை வேறுபடுவதால் இதுவும் முழுத் தீர்வு அன்று. அதை ஆய்வேட்டில் ஒளிக்காமல் எழுதிவிடலாம்.

மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பணியாளர் குழுவில் 60 வயதைக் கடந்தவர்கள் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள், பொதுமக்களில் இருப்பார்கள். “முதியவர்கள்” என்ற சொல் அவர்களுக்கு “நாங்கள்” என்றே கேட்கும். ஆகவே வயது, பால், கல்வி ஆகிய மூன்றிலும் பொருந்துமாறு பொதுமக்கள் குழுவை எடுங்கள். மூத்தோரை விட்டுவிட மனமில்லையென்றால், அவர்களைத் தனிப் பிரிவாக வைத்து, தம்மையே தாழ்த்திக்கொள்ளும் பாகுபாட்டைத் தனியாக ஆராயுங்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை தந்த வரையறையில், வயதின் பேரால் பிறர்மீது காட்டுவதோடு தம்மீதே காட்டிக்கொள்வதும் அடங்கும்.

மறுமொழி 2: முதியோர் மருத்துவர்

இன்னும் ஒன்று. முடிந்தால் வினாப்பட்டியல் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே, உரிய நெறிமுறை ஒப்புதலும் பணியாளர், நோயாளி ஆகியோரின் சம்மதமும் பெற்று, உங்கள் வார்டின் காலைச் சுற்றில் ஒரு மூலையில் நின்று எண்ணுங்கள்: முதல் கேள்வி நோயாளியிடம் எத்தனை முறை, உடன் இருப்பவரிடம் எத்தனை முறை. ஒரு தாளும் பென்சிலும் போதும்.