சிங்கப்பூர் சிட்டி ஹால் பக்கத்துல இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் நிஜமாவே கைதிங்க கட்டினதா?

தேக்காவாசி:
சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா நிக்குதே வெள்ளை சர்ச், அது இந்தியாலேந்து கப்பல்ல கொண்டாந்த கைதிங்க கட்டினதுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு, அதுக்கு முன்னாடி அங்கயே வேற சர்ச் இருந்து இடி விழுந்து போச்சாம். மனுஷன் ரீல் விடுறாரோன்னு டவுட், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_செங்கல்:
ரெண்டும் உண்மைதாங்க. முதல் சர்ச் ஆர்க்கிடெக்ட் கோல்மன் டிசைன், 1835ல அடிக்கல். ஸ்காட்லாந்து வியாபாரிங்க நிறைய காசு போட்டதால அவங்க புனிதர் ஆண்ட்ரூ பேரு. கட்டி முடிச்சா டவுன் ஹால் மாதிரி இருக்குன்னு ஒரே புலம்பல், சரின்னு 1842ல அரசாங்க சர்வேயர் தாம்சன் மேல கோபுரம் ஏத்தினாரு. ஏத்தினவங்க இடிதாங்கி வைக்கல! 1845ல ஒரு இடி, 1849ல இன்னொண்ணு. 1852ல மூடிட்டாங்க, 1855ல இடிச்சே தள்ளியாச்சு. இப்ப இருக்கிறது இன்ஜினியர் மெக்ஃபர்சன் டிசைன், 1856ல அடிக்கல், 1862ல பிரதிஷ்டை, கதீட்ரல், அதாவது பிஷப்போட தலைமை சர்ச், ஆனது 1870ல.

சுண்ணாம்பு_வாளி:
கைதிங்க வேலைய ஒரு வரில தாண்டிட்டீங்களே அண்ணே. உள்சுவர்ல பூசினது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பி சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச்சக்கரையும் போட்டு இடிச்சு, தேங்கா மட்டை ஊறவச்ச தண்ணிய ஊத்தி கொழைச்சு பூசுவாங்க, காஞ்சப்புறம் உருண்டைக் கல்லால தேச்சுத் தேச்சு பளபளன்னு ஆக்குவாங்க. நம்ம செட்டிநாட்டு வீட்டு சுவர் பாத்திருந்தா புரியும். மெக்ஃபர்சன் பேர்ல ரோடே இருக்கு, தேச்ச கைக்கு யாரும் பேர் எழுதி வைக்கல, அதான் கடுப்பு.

தேக்காவாசி:
அடேங்கப்பா, முட்டையா! பழைய சர்ச்ல பேய் இருந்துச்சுன்னும் சொன்னாரே?

பழைய_செங்கல்:
மூடிக் கெடந்தப்ப கெளம்பின வதந்தி அது, சர்ச் ஆவிங்களுக்கு மனுஷத் தலை வேணும்னு அரசாங்கமே ஆள் பிடிக்குதுன்னு ஊரே நடுங்கிச்சாம். அதை விடுங்க, பழைய சர்ச் மணிய பாருங்க. 1843ல மரியா ரெவியர் பாலஸ்டியர் குடுத்தது, அமெரிக்க தூதரோட மனைவி, பாலஸ்டியர் ரோடு அந்தத் தூதர் பேர்தான். தினம் ராத்திரி 8 மணிக்கு 5 நிமிஷம் அடிக்கணும்னு கண்டிஷன் போட்டுத்தான் குடுத்தாங்க. இப்ப நேஷனல் மியூசியத்துல இருக்கு, கதீட்ரல்லேந்து நடந்தே போயிடலாம்.