லாட்கே: பிழிஞ்ச தண்ணியைக் கொட்டலாமா?

நெய்மணம்: நேத்து கல்சட்டி போட்ட குறிப்பைப் படிச்சதிலிருந்து மனசு ஆறலை. ஹனுக்கா பண்டிகைக்கு யூத வீடுகளில் சுடும் லாட்கேயாம், அதாவது துருவின உருளைக்கிழங்கைத் தட்டி எண்ணெயில் பொரிக்கிற அடை. துருவலைப் பிழிஞ்ச தண்ணியை சிங்க்கில் கொட்டிட்டு மூணு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்க்கணுமாம். அதுக்குப் ‘பாரம்பரிய முறை’ன்னு தலைப்பு வேற! அந்தத் தண்ணியைப் பத்து நிமிஷம் அசைக்காம வச்சுப் பாருங்க. மேல பழுப்பா நிக்கிறதை மெதுவா இறுத்தா, அடியில சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மாவு கிண்ணத்தோட ஒட்டிக்கிட்டிருக்கும். விரலால சுரண்டினாத்தான் வரும். அதைத் திரும்பத் துருவலில் பிசையணும். லாட்கே பிரியாம நிக்கிறதும் ஓரம் மொறுமொறுன்னு வர்றதும் அதனாலதான். கிழங்கோட மாவைக் கொட்டிட்டுக் கடை மாவு வாங்கறது என்ன சமையல்?

கல்சட்டி: கிழங்கில் வந்தா என்ன, சோளத்தில் வந்தா என்ன, மாவு மாவுதான். நான் சுட்டது ஒண்ணுகூட உடையலை. பாரம்பரியம்னா முழுசாப் பேசுங்க. ஹனுக்கா, கி.மு. 164-ல் ஜெருசலேம் ஆலயத்தை மீட்டதுக்கான பண்டிகை. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில். அதுக்கு முன்னாடியே இத்தாலி யூதர்கள் பாலாடைக்கட்டியில் பணியாரம் சுட்டிருக்காங்க. எண்ணெயில் பொரிக்கிறதுதான் முக்கியம், ஒரு நாளைக்கே போதுமான ஆலிவ் எண்ணெய் ஆலய விளக்கில் எட்டு நாள் எரிஞ்ச அற்புதத்தோட நினைவுக்கு.

நெய்மணம்: வரலாறு யார் கேட்டா? மாவைக் கொட்டினீங்களா இல்லையா?

புரூக்ளின்வாசி: எங்க பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பூர்வீகம் போலந்து. துருவியோட பொடிக்கண்ணில்தான் தேய்ப்பாங்க. கிழங்கு கறுக்கக் கூடாதுன்னு நடுநடுவே வெங்காயமும் தேய்ப்பாங்க. அப்புறம் முட்டை, உப்பு, மாட்ஸா மாவு, அதாவது புளிக்காத ரொட்டியைப் பொடிச்சது. அவ்வளவுதான். அடி மாவெல்லாம் எடுத்து நான் பார்த்ததில்லை அக்கா.

நெய்மணம்: பொடிக்கண்ணில் தேய்ச்சா தண்ணி இன்னும் நிறைய விடுமே தம்பி, மாவும் கூடத்தானே தங்கும்? பாட்டி அதை என்ன பண்ணினாங்கன்னு கேட்டுட்டு வாங்க.

புரூக்ளின்வாசி: எண்பது வயசுக்காரங்களை நான் குறுக்கு விசாரணை பண்ண முடியாது.

எண்ணெய்ச்சட்டி: மாவை விடுங்க. கல்சட்டி குறிப்பில் கோழிக் கொழுப்பில் பொரிச்சு, புளிச்ச கிரீம் தொட்டுக்கச் சொல்லியிருக்கு. கோஷர்ங்கிற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரவே கூடாது. கோழிக் கொழுப்பும் அதில் அடக்கம். கொழுப்பில் பொரிச்சா ஆப்பிள் மசியல். கிரீம் வேணும்னா எண்ணெயில் பொரிக்கணும். இதுகூடத் தெரியாம தலைப்பில் ‘யூத’ன்னு போடலாமா?

கல்சட்டி: என் வீட்டு அடுப்பு, என் தட்டு. நான் எதுக்குக் கோஷர் பார்க்கணும்?

எண்ணெய்ச்சட்டி: ‘பாரம்பரிய முறை’ன்னு எழுதினது நீங்கதானே? போன மாசம் பேகலை, அதான் அந்த வளைய ரொட்டியை, கொதிநீரில் போடாமலே சுடலாம்னு சாதிச்சவரும் நீங்கதானே?

கல்சட்டி: அந்தப் பழைய கணக்கை இங்கே தீர்க்காதீங்க. அன்னிக்கும் ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டுத்தான் வந்தீங்க.

நெய்மணம்: பேகலும் வேண்டாம், கிரீமும் வேண்டாம். இப்பத்தான் ஒரு கிலோ கிழங்கைத் துருவி வேட்டித்துணியில் முறுக்கிப் பிழிஞ்சேன். கை சிவந்துபோச்சு. அடி மாவைச் சேர்த்துப் பாதி, கொட்டிட்டுப் பாதின்னு சுட்டேன். கொட்டின பாதியைத் திருப்பும்போதே சட்டியில் இழை இழையாப் பிரிஞ்சு ஓடுது.

கல்சட்டி: நான் கார்ன்ஃப்ளார் போடச் சொன்னேன். நீங்க எதுவுமே போடாம சுட்டுட்டு என்மேல பழி போடறீங்க.

நெய்மணம்: அடி மாவு இருக்கும்போது அது எதுக்கு?

புரூக்ளின்வாசி: மாட்ஸா மாவு போட்டிருந்தா ரெண்டுமே தேவைப்பட்டிருக்காது.

நெய்மணம்: தம்பி, பாட்டிகிட்ட கேட்டீங்களா இல்லையா?

கல்சட்டி: நாளைக்கு மறுபடி சுடறேன். கார்ன்ஃப்ளார்தான்.