புதுப்பிப்பு: துரு பூசிய மணலும் சாயக்கழிவும்

இரும்பு ஆக்சைடு (துரு) பூசிய மணல் நீரிலுள்ள ஆர்சனிக் என்ற நச்சைப் பிடித்து வைப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். திருப்பூர்ச் சாயக்கழிவுக்கும் அது உதவுமா என்று சிலர் கேட்டீர்கள்.

அப்படியே ஊற்றினால் உதவாது. பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) சுமார் 8-க்குக் கீழே இருந்தால்தான் அந்த மணலின் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் பெறும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்னூட்டம் உள்ளவை. அதனால் அமில நீரில் அவை மணலில் ஒட்டும். சாயப்பட்டறைக் கழிவோ சலவைச் சோடா கலந்து காரமாக வருகிறது. ஒட்டிய சிவப்புச் சாயத்தின்மேல் சோடாக் கரைசலை ஊற்றிப் பாருங்கள், மறுபடி நீரில் இறங்கிவிடும். (மணலைக் கழுவித் திரும்பப் பயன்படுத்த வழியும் இதுதான்.)

நிறம் போனாலும் கழிவில் கரைந்துள்ள உப்பு அப்படியே நிற்கும். 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, எதிர்ச்சவ்வூடு பரவலும் (உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. முறை) ஆவியாக்கிகளும் தவிர்க்க முடியாமல் போனது அதனால்தான். மணலை முன்கட்டமாக வைக்கலாம், அவ்வளவே.