மேசை மேல் ஓடும் கருவியைக் களத்துக்குக் கொண்டுபோக முத்தரப்பு ஒப்பந்தம்: எதையெல்லாம் எழுத்தில் வாங்குவது?

கேள்வி: அலைநீளம்

ரேடியோ சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் கருவி. பல்கலைக்கழக ஆய்வகத்தில் நன்றாகவே ஓடுகிறது, தொழில்நுட்பத் தயார்நிலையில் (டிஆர்எல், 1 முதல் 9 வரையிலான அளவுகோல்) 4. பாதுகாப்பு ஆய்வு அமைப்பு பணம் தருகிறது, ஒரு சிறு மின்னணு நிறுவனம் தயாரிப்புப் பக்கம் சேர்கிறது. 24 மாதத்தில் டிஆர்எல் 6 வேண்டுமாம். வந்திருக்கும் வரைவில் "மூன்று தரப்பும் இணைந்து உருவாக்கும்" என்பதற்கு மேல் உருப்படியாக எதுவும் இல்லை. கையெழுத்துக்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்? இரண்டு முனைவர் பட்ட மாணவர்கள் இதை வைத்துத்தான் ஆய்வேடு எழுதப் போகிறார்கள். அதில் ஒருவர் வெளிநாட்டவர்.

பதில்: செம்புத்தகடு

முதலில் "டிஆர்எல் 6" என்ற சொல்லை எண்களாக மாற்றுங்கள். களத்தை ஒத்த சூழலில் முன்மாதிரி இயங்க வேண்டும் என்பதுதான் 6-க்குப் பொருள். எந்தச் சூழல்? கப்பலா, ஜீப்பா, முதுகுப் பையா? வெப்பநிலை வரம்பு, அதிர்வு, மின்வழங்கல் மூன்றும் எண்ணாக ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கட்டும். பணம் கொடுக்கும் ஆய்வு அமைப்பு மட்டும் எழுதினால் போதாது, நாளை கருவியைத் தூக்கப் போகும் படைப்பிரிவும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 20-ஆம் மாதம் "இது 12 வோல்ட்டிலா ஓடுகிறது? எங்கள் வண்டியில் 28 வோல்ட்" என்று ஆரம்பிப்பார்கள்.

சோதனைத் தரம் மில்-எஸ்டிடி-810 (வெப்பம், அதிர்வு போன்றவற்றைக் கருவி தாங்குமா என்று பார்க்கும் அமெரிக்க ராணுவத் தரம்) என்றால் எந்த முறை, எந்தப் பதிப்பு என்றும் குறிப்பிடுங்கள். உப்புப் பனிச் சோதனை என்றால் 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி செல்சியஸ், 24 மணி நேரம் ஈரம், 24 மணி நேரம் உலர்த்தல், இந்தச் சுற்று இருமுறை. கையில் தூக்கும் கருவிக்கு அந்தத் தரத்தின் ஜி பதிப்பில் (810ஜி) 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போடுவது: ஒவ்வொரு முகம், விளிம்பு, மூலை. இதை ஐந்து கருவிகளுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆக, ஒரே ஒரு முன்மாதிரிக்கு பட்ஜெட் போட்டால் முதல் சோதனையிலேயே திட்டம் நின்றுவிடும். குறைந்தது நான்கைந்து வேண்டும்.

உங்கள் கருவியில் எங்கே அடி விழும் என்று இப்போதே சொல்லலாம். ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிள்களின் பேஸ் (அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பது; திசையைக் கணிக்க உதவுவது) வெப்பத்தால் மாறும். சாதாரண பிடிஎஃப்இ (டெஃப்லான்) காப்புள்ள கேபிளில் 19, 20 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் அந்த மாற்றத்தின் வரைகோட்டில் திடீர் வளைவே உண்டு. ஆய்வகம் எப்போதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதால் அது கண்ணில் படாது. வெளியில் ஒரு கேபிளில் வெயில், ஒன்றில் நிழல் என்றால் திசை பல டிகிரி தப்பும். ஒவ்வொரு சேனலுக்கும் ஆன்டெனா முனையிலேயே அளவுத்திருத்த சிக்னல் செலுத்தும் வழியை முதல் வடிவமைப்பிலேயே வையுங்கள்.

அடுத்தது டிசி-டிசி மாற்றியின் (வண்டியின் மின்னழுத்தத்தைக் கருவிக்கு ஏற்ப மாற்றும் பகுதி) மின் இரைச்சல். மின்காந்த இடையூறுக்கான ராணுவத் தரமான மில்-எஸ்டிடி-461-இல் சிஇ102 (மின்கம்பி வழியே கசியும் இரைச்சல்), ஆர்இ102 (காற்றில் பரவும் இரைச்சல்) சோதனைகளில் தோற்கடிப்பது பெரும்பாலும் அதுதான். உங்களுடையது ரிசீவர் என்பதால் அதே இரைச்சல் உங்கள் காதையும் அடைக்கும்.

பதில்: வலப்பக்கக்குறிப்பு

அறிவுசார் சொத்து. "இணைந்து உருவாக்கும்" என்ற வரி இருக்கிறதே, அதுதான் பிற்காலத்து வழக்கு. திட்டத்துக்கு முன்பே உங்களிடம் இருப்பதை (அல்காரிதம், கோட், சர்க்யூட்) தேதியோடு பட்டியலிட்டு இணையுங்கள். அமெரிக்க ராணுவ ஒப்பந்த விதிகளில் இது கறாராகவே இருக்கிறது: சொந்தச் செலவில் உருவாக்கியதை முன்மொழிவோடு தரும் பட்டியலில் குறிப்பிட வேண்டும், ஒப்படைக்கும் ஆவணத்திலும் உரிய முத்திரை வாசகம் இருக்க வேண்டும். வாசகம் இல்லாமல் கொடுத்தால் அரசுக்கு வரம்பற்ற உரிமை உண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும். அரசுப் பணமும் சொந்தப் பணமும் கலந்து உருவானதற்கு அரசு நோக்க உரிமை (அரசு வேலைக்கு மட்டும் பயன்படுத்தலாம்), வழக்கமாக 5 ஆண்டு, அதன்பின் அதுவும் வரம்பற்றதாகிவிடும். உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம், ஆனால் பட்டியல் போடும் பழக்கம் எங்கும் உதவும்.

மாணவர்கள் எழுதிய கோடில் ஜிபிஎல் உரிமத்தில் (விநியோகித்தால் மூலக் கோடையும் தரச் சொல்லும் திறந்த மென்பொருள் உரிமம்) வந்த நூலகம் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இப்போதே ஸ்கேன் செய்துவிடுங்கள். விநியோகிக்கும் நாளில் நிறுவனத்தின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பதில்: வெளியீட்டுக்குழு

மாணவர் விஷயத்தில் ஒரே ஒப்பந்தமாகப் போடாதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள். திசை கணிக்கும் கணிதம், சிமுலேஷன், பொதுவெளியில் கிடைக்கும் தரவு ஆகியவை பல்கலைக்கழகத்தோடு, வெளியீட்டுத் தடை இல்லாமல். உண்மையான அலைவரிசைப் பட்டியல், கருவியின் எல்லைத்திறன், களச் சோதனை முடிவு ஆகியவை நிறுவனத்தோடு. அமெரிக்காவில் 1985-இல் வந்த என்எஸ்டிடி-189 என்ற அதிபர் ஆணை அடிப்படை ஆய்வை (முடிவைத் தடையின்றி வெளியிடும் ஆய்வு) கட்டுப்பாட்டுக்கு வெளியே வைக்கிறது. ஆனால் "எங்கள் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது" என்ற வரிக்குப் பல்கலைக்கழகம் தலையாட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பிறகு உள்நாட்டு ஆய்வகத்திலேயே வெளிநாட்டு மாணவருக்குத் தொழில்நுட்பத் தரவைக் காட்டுவதும் ஏற்றுமதியாகவே எண்ணப்படும், உரிமம் வேண்டும்.

"அனுமதி" என்ற சொல்லுக்குப் பதில் "பார்வைக்கு 30 நாள், அதற்குள் பதில் இல்லையென்றால் வெளியிடலாம்" என்று கேளுங்கள். ஆய்வேட்டுக்குத் தனி வரி: ஆய்வு அமைப்பின் ரகசியத் தரவை மட்டும் நீக்கச் சொல்லலாம், பட்டத்தை நிறுத்திவைக்க முடியாது.

அலைநீளம்

இரண்டாகப் பிரிப்பது தோன்றவே இல்லை. இன்னொன்று: 24 மாதம் முடிந்து டிஆர்எல் 6 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் யார் வாங்குவார்கள்?

செம்புத்தகடு

யாரும் வாங்காமல் கிடப்பில் போவதுதான் அதிகம். ஆய்வுப் பணம் ஒரு கணக்கு, கொள்முதல் பணம் வேறு கணக்கு, வேறு அலுவலகம். அமெரிக்கச் சிறுதொழில் ஆய்வுத் திட்டத்தில்கூட (1982-இல் சட்டமானது) முதல் இரண்டு கட்டத்துக்குத்தான் திட்டப் பணம், மூன்றாவதற்கு வேறிடத்தில் தேட வேண்டும். கொள்முதல் பட்ஜெட் கோரிக்கை நிதி கைக்கு வருவதற்கு ஓரிரு ஆண்டு முன்பே நுழைய வேண்டியது, அதனால் 24-ஆம் மாதம் கேட்டால் தாமதம். 12-ஆம் மாதமே படைப்பிரிவின் கொள்முதல் அதிகாரியோடு ஒரு கடிதம்: "இந்த எண்களை எட்டினால் இத்தனை கருவிக்குக் கோரிக்கை வைப்போம்." சட்டப்படி கட்டுப்படுத்தாது, இருந்தாலும் வாங்கி வையுங்கள்.

ஒரு தோல்வியோடு கோப்பை மூடாத மாதிரியும் இருக்கட்டும். 2004-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய ஓட்டுநரில்லா வாகனப் போட்டியில் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் பாதையில் எந்த வண்டியும் 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பரிசை இரட்டிப்பாக்கி அடுத்த ஆண்டே மறுபடி நடத்தினார்கள், ஐந்து வண்டிகள் முழுப் பாதையையும் முடித்தன. உங்கள் கட்டண அட்டவணையிலும் மறுசோதனைக்கு ஒரு வரியும் அதற்கான மாதங்களும் சேருங்கள். கடைசித் தவணையை அறிக்கையோடு கட்டாமல் படைப்பிரிவின் ஆள் கருவியை இயக்கிப் பார்க்கும் நாளோடு கட்டுங்கள்.